நிலநடுக்கம்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் கட்டடப் பொறியாளர் நான். வீட்டு விரிசல்களைப் பார்ப்பதுதான் வேலை.

மகள் கலிபோர்னியா பிரீமாண்ட்ல இருக்கா. ஊருக்குள்ளயே பிளவு ஓடுதாம். தூக்கமே வரலை. (கானாடுகாத்தான்)

ஓடுறது உண்மைதான் ஆச்சி. ஹேவர்ட் பிளவு, அதாவது நிலத்துக்கடியில பாறை உடைஞ்சு ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு உரசி நகர்ற கோடு. வருஷத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நகருது. அது கடக்கிற இடத்துல நடைபாதை ஓரக்கல் நேர்கோடு விட்டு விலகி நிற்கும். 1868 அக்டோபர் 21-ல பெரிசா குலுங்குச்சு. ஆனா அங்கே பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். எடை குறைவு, வளைஞ்சு கொடுக்கும். மகள்கிட்ட இதைக் கேளுங்க: சட்டத்தை அஸ்திவாரத்தோட போல்ட் போட்டு முடுக்கியிருக்கா? வாட்டர் ஹீட்டரையும் புத்தக அலமாரியையும் சுவரோட பட்டை போட்டுக் கட்டியிருக்கா? கட்டிலடியில ஒரு ஜோடி செருப்பு வைக்கச் சொல்லுங்க, இருட்டுல கண்ணாடிச் சில்லு காலைக் கிழிக்கும். ஆடும்போது வெளியே ஓடாம மேசைக்கடியில போயிடணும்.

அடுத்தது எப்போ வரும்?

நாளும் நேரமும் யாராலும் சொல்ல முடியாது.

நம்ம பக்கம் வருமா? (தேவகோட்டை)

வாய்ப்பு குறைவு, இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 1900-ல கோயம்புத்தூர்ப் பக்கம் ரிக்டர் 6 அளவுல வந்திருக்கு. 1993 பூகம்பத்துல கிராமங்கள் அழிஞ்ச மகாராஷ்டிராவோட லாத்தூர்ப் பக்கம், அப்போதைய பூகம்ப வரைபடத்துல ஆபத்து மிகக் குறைஞ்ச பகுதி.

ஜப்பான்ல எப்போ வரும்னு சொல்றாங்களே?

மேலே சொல்லியாச்சு. தயவுசெய்து படிச்சிட்டுக் கேளுங்க.

முட்டை வெள்ளைக்கரு பூசின சுவர், பர்மா தேக்கு. நூறு வருஷமா நிக்குது, எதுக்கும் அசையாது. (பள்ளத்தூர்)

அண்ணே, வெள்ளைக்கரு மேல்பூச்சுக்கு வழவழப்புக் கொடுக்கும். தாங்குறது உள்ளே இருக்கிற செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நூறு வருஷம் நின்னது மேலிருந்து அமுக்குற பாரத்துக்கு. பூகம்பம் பக்கவாட்டுல தள்ளும்.

மரம் வளையும்னு நீங்கதானே சொன்னீங்க!

சட்டமா பிணைச்ச மரம் வளையும். நம்ம தேக்கு உத்தரம் சுவர்மேல சும்மா உட்கார்ந்திருக்கு. போன மாசம் ஒரு வளவு வீட்டுல ஏணி வச்சுப் பார்த்தேன். உத்தரத் தலைப்பைக் கறையான் அரிச்சு, சுவருக்கும் மரத்துக்கும் நடுவுல பத்து ரூபாய் நாணயம் தடையில்லாம நுழைஞ்சது. மேலே முழு மட்டப்பா எடை, அதாவது செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மொட்டைமாடித் தளத்தோட பாரம். அந்த வீட்டை நினைச்சா எனக்கு நெஞ்சு பதறுது.

கடைக்கு விட முகப்புச் சுவரை எடுக்கலாமா? (காரைக்குடி)

எடுக்காதீங்க. எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான். 2001 குஜராத் பூகம்பத்துல, மையத்துலேர்ந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருந்த அகமதாபாத்ல, கீழ்த்தளத்தைத் தூண் மட்டும் வச்சுத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள் உட்கார்ந்துபோச்சு.

சரி தம்பி, என் வீட்டு உத்தரத்தை யார் பார்ப்பா? (பள்ளத்தூர்)

ஞாயித்துக்கிழமை நானே வாறேன் அண்ணே. ஏணி மட்டும் எடுத்து வைங்க.