விரைக்குப் பக்கத்தில் சார்கோமா என்றால் விரையை எடுக்கத்தான் வேண்டுமா?

உங்கள் 17 வயதுத் தம்பிக்கு விரைக்கு மேலே வலியில்லாத கெட்டியான கட்டி, ஸ்கேன் பார்த்த டாக்டர் சார்கோமாவாக (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்று) இருக்கலாம் என்கிறார், விரையை எடுக்கத்தான் வேண்டுமா, பிற்பாடு கல்யாணம், குழந்தை எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தம்பிக்கும் பதின்பருவத்தில் இதே இடத்தில் ராப்டோமயோசார்கோமா என்ற தசை வகைச் சார்கோமா வந்தது. நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் கூடவே இருந்த அண்ணன்.

சார்கோமா என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த வழியாக எடுக்கிறார்கள் என்பதை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். கருவில் விரை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குக் கிட்டே. பிறப்பதற்கு முன் கீழே இறங்கும்போது தன் ரத்தக் குழாய்களையும் நிணநீர்க் குழாய்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் விரையிலிருந்து வரும் நிணநீர் வயிற்றின் பின்பக்கம் பெருந்தமனியை ஒட்டியுள்ள நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குப் போகிறது. விதைப்பைத் தோலின் நிணநீர் போவது தொடை இடுக்கு நெறிகளுக்கு. பையைக் கீறியோ ஊசி குத்தியோ சதை எடுத்தால், புற்றுச் செல்கள் தோலில் சிந்தி இந்த இரண்டாவது பாதையிலும் பரவ இடம் கிடைக்கும். அதனால்தான் தொடை இடுக்குக்குச் சற்று மேலே கீறி, விரையைத் தாங்கும் தண்டை உயரத்திலேயே கட்டி, கட்டியையும் விரையையும் ஒன்றாக எடுக்கிறார்கள்.

எங்கள் ஊரில் முதலில் பார்த்தவர் ஓதம் என்றார், ஊசியால் நீர் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். அதற்குள் ஸ்கேன் எடுத்ததில் உள்ளே நீர் இல்லை, சதைக்கட்டி என்று தெரிந்தது. அந்த ஊசி மட்டும் இறங்கியிருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று. ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற புற்று அடையாளப் பொருட்களின் அளவைப் பார்க்க ரத்தம் எடுப்பார்கள். விரையிலேயே தோன்றும் சில புற்றுகளில் அவை ஏறும்; ராப்டோமயோசார்கோமாவில் பெரும்பாலும் ஏறாது. ரிப்போர்ட் நார்மல் என்று வீட்டில் யாராவது ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

பிழைப்பானா என்ற கேள்வி உங்கள் மனதில் ஓடும். பரவாமல் இருக்கும்போதே பிடித்துவிட்டால், 10 பிள்ளைகளில் 9 பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். உடம்பில் ராப்டோமயோசார்கோமா வரும் இடங்களிலேயே நல்ல பலன் கிடைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. நுரையீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவியிருந்தால் கஷ்டம் அதிகம், அதை மறைக்க மாட்டேன். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வயிற்று நெறிகளில் புற்று ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். ஸ்கேனில் தெரியாவிட்டாலும் அந்தப் பக்கத்து நெறிகளை ஆபரேஷன் செய்து சோதிக்கலாம் என்று டாக்டர்கள் சொல்லலாம். பயமுறுத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

கட்டியை முழுசாக எடுத்தாலும் கீமோ உண்டு. வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு மூன்றும் பழைய மருந்துகள்தான். மாதக்கணக்கில் போகும். முடி கொட்டியதைவிட வின்கிரிஸ்டின் தந்த மலச்சிக்கலும் கால் விரல் மரத்துப்போனதும்தான் என் தம்பியைப் படுத்தின. முதல் நாளே மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் கல்யாணம், குழந்தை. மற்ற விரை நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் ஹார்மோனுக்கும் அந்த ஒன்றே போதும். கவலை சைக்ளோபாஸ்பமைடு பற்றித்தான். அது விந்தணு உற்பத்தியைக் கெடுக்கலாம், சிலருக்கு நிரந்தரமாகவே. 17 வயதில் விந்தைச் சேமித்து வைக்க முடியும். ஆனால் முதல் கீமோவுக்கு முன்பே செய்ய வேண்டும், டாக்டராகச் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். அப்பா அம்மா எதிரில் இந்தப் பேச்சை எடுத்தால் பையன் வாயே திறக்க மாட்டான். அவன் கூச்சமில்லாமல் பேசும் மாமாவோ அண்ணனோ, இல்லை டாக்டரோ தனியாக உட்கார்ந்து பேசட்டும்.