பிரிண்டின் ஒரு பக்கம் மட்டும் மங்கினால்

கேள்வி: ஊட்டியில் மூடிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து பழைய கண்டென்சர் என்லார்ஜர் (ஒளிகுவிக்கும் கண்ணாடிகள் வழியே நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் பிரிண்ட் போடும் கருவி) வாங்கினேன். 35 மி.மீ. நெகட்டிவை 8x10 அங்குல அளவில் போட்டால் இடப்பக்கம் தெளிவில்லை, மூலைகள் வெளிறுகின்றன. லென்ஸை மாற்ற வேண்டுமா? கூடவே வந்த பழைய ‘இந்து’ (Indu) பிராண்டு ஃபோட்டோ பிரிண்ட் பேப்பர் இன்னும் உதவுமா?

பதில்: லென்ஸுக்கு இப்போதே காசு போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் பெரும்பாலும் சாய்வுதான் காரணம். நெகட்டிவ், லென்ஸ், பேப்பர் வைக்கும் அடிப்பலகையான பேஸ்போர்டு மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும்.

முதலில் வயரைப் பாருங்கள். உறை வெடித்திருந்தால் மாற்றி, என்லார்ஜரின் உலோகத் தலைக்கு எர்த் கொடுத்து மூன்று பின் பிளக் போடுங்கள். ஈரக்கையோடு தொடும் சாமான் இது.

முழுக்கக் கறுத்த ஃபிலிம் துண்டில் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஊசியால் பெருக்கல் குறி கீறி, கேரியரில் (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) வையுங்கள். லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து நடுக்குறியை ஃபோகஸ் செய்யுங்கள். துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் சாய்வு ஒளிந்துகொள்ளும். இப்போது ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்புங்கள். இடப்பக்கக் குறிகள் கூர்மையாகி வலப்பக்கம் மங்கினால் சாய்வு உறுதி. எவ்வளவு திருகியும் இடப்பக்கம் தெளியாவிட்டால்தான் லென்ஸைச் சந்தேகிக்கலாம்.

கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் போதும். பேஸ்போர்டு, கேரியர், லென்ஸ் தட்டு என்ற வரிசையில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். திருத்தும் திருகு இல்லாத மாடல் என்றால், தாழ்ந்த பக்கத்தில் லென்ஸ் தட்டுக்கு அண்டை கொடுக்க வேண்டியதுதான். சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளை மடித்து வைத்தால் போதும், அதற்கு ஊட்டியில் பஞ்சமில்லை. பழைய வீட்டு மரத்தரை காலடிக்கு அதிரும் என்பதால் என்லார்ஜர் தூணின் உச்சியைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

மூலை வெளிறுவது வெளிச்சக் கோளாறு. நெகட்டிவை எடுத்துவிட்டு, எஃப் 8-இல் வெள்ளைத்தாள் மேல் வெளிச்சம் சீராகப் பரவும்வரை பல்பை ஏற்றி இறக்குங்கள். இரண்டு கண்டென்சர்களின் புடைத்த முகங்களும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். துடைத்தவர் தலைகீழாக மாட்டியிருப்பது சகஜம். பல்பு பால்வெள்ளை நிறத்தில், உச்சியில் எழுத்தில்லாமல் இருக்கட்டும். எழுத்து இருந்தால் அதன் நிழல் படத்தில் விழும்.

டார்ச் வெளிச்சத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சணம். படம் மொத்தமும் சாம்பல் பூத்ததுபோல் வரும், ஒரு பக்கம் மட்டும் மங்காது. மழைக்காலத்தில் லென்ஸைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் நீல சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்துங்கள்.

‘இந்து’ பேப்பரை இப்படிச் சோதிக்கலாம்: வெளிச்சம் படாத ஒரு துண்டை டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) 2 நிமிடம் போட்டு, பிறகு ஃபிக்ஸரில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போடுங்கள். இன்னொன்றை நேரே ஃபிக்ஸரில் போடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் முதல் துண்டு சாம்பலாகத் தெரிந்தால் பேப்பரின் ஆயுள் முடிந்தது. மார்கழி இரவில் சோதித்தால் டெவலப்பர் தட்டை வெந்நீர்த் தட்டுக்குள் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். 13-க்குக் கீழே டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோன் என்ற ரசாயனம் ஏறக்குறைய தூங்கிவிடும், கெட்ட பேப்பரும் நல்லதுபோல் வெள்ளையாகவே இருக்கும்.