கடனில் தத்தளிக்கும் பப் கம்பெனிப் பங்கை வாங்கலாமா?

சொத்து மதிப்பில் கால்வாசி விலைக்கே பங்கு கிடைக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, முதலில் கடனைப் பாருங்கள்.

100 பவுண்டு மதிப்புள்ள பப்கள், 80 பவுண்டு கடன் என்று வைத்துக்கொள்வோம். பங்குதாரருக்கு மிச்சம் 20. கட்டட மதிப்பு 10 சதவீதம் இறங்கினால் அந்த 20 பாதியாகிவிடும், ஏறினால் 30. நீங்கள் வாங்குவது கடன்காரர்களுக்குப் பின்னால் வரிசையின் கடைசி இடம்.

பிரிட்டனின் பப் கம்பெனியான பஞ்ச் டாவர்ன்ஸ் 2006-இல் ஸ்பிரிட் என்ற இன்னொரு பப் குழுமத்தைச் சுமார் 270 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மறு வருடமே இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை, அப்புறம் நிதி நெருக்கடி. பஞ்சின் கடனெல்லாம் பப் வாடகையையும் பீர் வருமானத்தையும் நம்பி விற்ற பத்திரங்கள். வருமானம் கடன் ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்குக் கீழே போனால் பணம் பத்திரக்காரர்களுக்காக அங்கேயே முடங்கிவிடும், பங்குதாரர் பக்கம் வராது; டிவிடெண்டை மறந்துவிட வேண்டியதுதான். 2014-இல் கடனைச் சீரமைத்தபோது பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது கம்பெனியில் 15 சதவீதப் பங்குதான்!

அதே மாதிரி தள்ளாடிய என்டர்பிரைஸ் இன்ஸ், பப்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக் கடனைக் குறைத்தது. 2019-இல் ஸ்டோன்கேட் என்ற இன்னொரு பப் கம்பெனி அதை வாங்க, ஒரு பங்குக்கு 285 பென்ஸ் தர முன்வந்தது. அடிமட்டத்தில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு நல்ல வேட்டை.

ஆகவே நான் முதலில் தேடுவது கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய வருடம். அடுத்து, விற்ற பப்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் இருந்த விலையாவது கிடைத்ததா என்பது.