இல்லை என்று சொன்னதையும் எழுது

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூர் ஜூரோங்கில் உணவுப்பொருள் இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் ஸ்டாக் திட்டமிடும் வேலை எனக்கு. மாலையில் முதுகலை படிக்கிறேன். தேவை எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாத நிலையில் எவ்வளவு வாங்கி வைப்பது என்பதுதான் என் ப்ராஜெக்ட். ஸ்டோகாஸ்டிக் ப்ரோகிராமிங், ரோபஸ்ட் ஆப்டிமைசேஷன் இரண்டில் எதை எடுக்கலாம்? 2020 தொடங்கி நான்கு வருட விற்பனைக் கணக்கு கையில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் 2022இல் மலேசியக் கோழி வரத்து நின்றபோதும் 2023இல் இந்திய அரிசி வரத்து நின்றபோதும் எங்கள் கணிப்பெல்லாம் பொய்யாகிவிட்டது. ‘ஃபார்முலா சோறு போடாது, அனுபவம்தான் போடும்’ என்கிறார் மேலாளர். இவற்றுக்குத் தமிழில் நல்ல சொற்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள தம்பி,

போகிற போக்கில் நீ எழுதிய ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது: ‘சுத்தமாக’. அத்தையின் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது கிடைத்த 555 நோட்டு (சின்னக் கணக்கு நோட்டு) ஒன்று இரண்டு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. அதைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழில் தேவை, இருப்பு, நிச்சயமின்மை என்ற மூன்று சொற்கள் போதும். மற்றதை உன் கிடங்கில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல். இரண்டு முறைகளில் எது என்றால், எதுவானாலும் சரி. 1955இல் கணிதவியலாளர் டான்ட்சிக் தொடங்கிவைத்த ஸ்டோகாஸ்டிக் வழிக்கு, நாளை என்னென்ன நடக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ரோபஸ்ட் வழி வாய்ப்பைக் கேட்காது. தேவை எந்த எல்லைக்குள் ஆடும் என்று மட்டும் கேட்டு, அதற்குள் வரக்கூடிய மோசமான நிலையையும் தாங்கும்படி முடிவெடுக்கும். எவ்வளவு தூரம் பயப்படுவது என்பதை நாமே கூட்டிக் குறைக்க வழி செய்தது பெர்ட்சிமாஸும் மெல்வின் சிம்மும் 2004இல் எழுதிய கட்டுரை. சிம் இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்தான், தேடிப் படி. ஆனால் இரண்டு வழிகளுமே நீ கொடுக்கும் எண்ணை நம்பித்தான் நடக்கின்றன. அந்த எண்ணில்தான் எனக்கும் உனக்கும் சண்டை.

1980களில் என் அத்தை தேக்காவில், பஃபலோ சாலையோரம் பூ விற்றார். வெள்ளிக்கிழமை மாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள்தான் பெரிய வாடிக்கை. மல்லிகைக்கு வியாழனன்றே சொல்லிவிட வேண்டும். வெள்ளி இரவு மிஞ்சியது சனிக்கிழமை காலையில் பழுத்துவிடும். பள்ளி விட்டதும் நான் கடையில் உட்கார்ந்து நார் நனைத்துக் கொடுப்பேன்.

அந்த நோட்டின் முன்பக்கம் கடன் கணக்கு. பின்பக்கத்தைத் திருப்பினால் வெறும் கோடுகள். ‘ம’ என்று எழுதி நான்கு கோடு, குறுக்கே ஒன்று. ‘க’ என்று எழுதி இரண்டு கோடு. மல்லிகை, கனகாம்பரம். ஈரக் கையால் எழுதியதில் மை ஊறி, தாள் ஓரம் சுருண்டிருக்கிறது. யாராவது வந்து கேட்டு, இல்லை என்று சொல்லி அனுப்பினால் ஒரு கோடு. விற்காததை எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். “வந்த கால் திரும்பிப் போச்சுல்ல, அதுவும் கணக்குதான்” என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

நீ பாடத்தில் படிக்கும் நியூஸ்வெண்டர் கணக்கு, அதாவது மிஞ்சினால் வீணாகும் சரக்கை எவ்வளவு வாங்குவது என்ற கணக்கு, அத்தையின் கடைதான். ஒரு முழம் 2 வெள்ளிக்கு (டாலருக்கு) வாங்கி 5 வெள்ளிக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள். பூ போதாமல் போனால் ஒரு முழத்துக்கு 3 வெள்ளி லாபம் போகிறது, மிஞ்சினால் வாங்கிய காசு 2 வெள்ளி போகிறது. 3ஐ, 3உம் 2உம் சேர்ந்த 5ஆல் வகுத்தால் 0.6. அதாவது பத்து நாளில் ஆறு நாள் பூ போதும்படி வாங்கு, நான்கு நாள் தீர்ந்துபோனால் போகட்டும் என்கிறது கணக்கு. சரி. அந்த நான்கு நாளும் உன் கம்ப்யூட்டரில் என்ன ஏறும்? கையில் இருந்தது எவ்வளவோ அவ்வளவுதான் ஏறும். அதற்குமேல் எத்தனை பேர் வந்து திரும்பினார்கள் என்பது எங்கும் இருக்காது. கணக்கைச் சரியாகப் பின்பற்றுகிறவனுக்கே பத்தில் நான்கு நாள் கண் மறைகிறது என்பதை உன் வகுப்பில் யாராவது அழுத்திச் சொன்னார்களா?

நான் சொல்கிறேன், கேள். ஐந்து வெள்ளிக்கிழமைகளில் மக்கள் கேட்டது 40, 55, 70, 50, 90 முழம். சராசரி 61. நீ ஒவ்வொரு முறையும் 60 வாங்கினாய். விற்றது 40, 55, 60, 50, 60. சராசரி 53. “ஓகோ, தேவை 53தான்” என்று அடுத்த ஐந்து வாரம் 53 வாங்குகிறாய். கேட்பவர்கள் அதே அளவுதான் கேட்கிறார்கள் என்றாலும் இப்போது விற்பனைச் சராசரி 50க்கு இறங்கிவிடும். அடுத்த முறை 50 வாங்குவாய், அது இன்னும் இறங்கும். கடை முன்னால் கூட்டம் நிற்கும்போதே உன் வரைபடம், தேவை குறைகிறது என்று காட்டும். நான்கு வருடக் கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? எத்தனை நாள் இருப்பு பூஜ்யமாக இருந்தது என்று ஒரு முறையாவது எண்ணிப் பார்த்தாயா?

கோபப்படாதே. இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். என் முதல் வேலையில் கடைக்காரர் போனில் 100 பெட்டி கேட்பார். 60தான் இருக்கிறது என்போம். சரி, 60 போடுங்கள் என்பார். ஆர்டர் 60 என்று ஏறும், 60 போய்ச் சேரும். ‘கேட்டதில் நூற்றுக்கு நூறு கொடுத்தோம்’ என்று மாதக் கடைசியில் அறிக்கை எழுதியது நான்தான். அத்தையின் நோட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அப்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

இப்போது உன் கோழிக்கு வா. 2022 ஜூன் 1 அன்று மலேசியா ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு நாம் இறக்குமதி செய்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது, பெரும்பாலும் உயிரோடு. ஈரச் சந்தையில் கோழிக்கடைகள் பல மூடிக் கிடந்தன. அந்த மாத விற்பனையை அப்படியே ஊட்டினால், சிங்கப்பூர்க்காரர்களுக்குப் புதுக் கோழி அலுத்துவிட்டது, உறைய வைத்த கோழிமேல் ஆசை வந்துவிட்டது என்றுதான் உன் மாடல் படிக்கும். பொய்யானது கணிப்பு மட்டும்தானா?

அரிசியில் இது தலைகீழ். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை இந்தியா நிறுத்தியதும், ஒரு மூட்டை வாங்குகிறவருக்கு மூன்று வாங்கத் தோன்றும். 2020 பிப்ரவரி 7 மாலை, நோய்த்தொற்று எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்கு ஏறிய அன்று பேரங்காடிகளில் காலியான அரிசியும் மேகி மீயும் அன்றைய பசிக்கு வாங்கியவை இல்லை. கேட்ட அளவும் முழு உண்மையாகிவிடாது. பங்கிட்டுத்தான் தருவார்கள் என்று தெரிந்தால் 100 வேண்டியவர் 150 கேட்பார். லீ, பத்மநாபன், வாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1997இலேயே இதை விளக்கிவிட்டார்கள். அதனால்தான் கேட்டது, கொடுத்தது இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறேன்.

மேலாளரைப் பற்றி நீ எழுதிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை. போனில் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவர் மனதில் ஏறியிருப்பது உன் நான்கு வருடக் கணக்கில் இல்லாத பகுதி. அதைத்தான் அவர் அனுபவம் என்கிறார். போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்.

அத்தையின் நோட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் கோட்டுக்குப் பதிலாக எழுத்து இருக்கிறது. ‘பச்சைக் குடை அம்மா’ என்று மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து எழுதியிருக்கிறார். அந்த அம்மா மழையில் கடைசியாக வருவார், பூ தீர்ந்திருக்கும். நான்காவது வாரம் அத்தை இரண்டு முழம் தனியாக வாழையிலையில் கட்டி வைத்துக் காத்திருந்தார். இரவு ஒன்பதரைக்குக் கடை கட்டும்போது பொட்டலம் அப்படியே இருந்தது. அந்தத் தேதிக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

ஆர்டர் எடுக்கும் மேசையில் நாளைக்கே ஒரு நோட்டை வை. என்ன கேட்டார்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது மட்டும் போதும். ஒரு மாதம் எழுதி எனக்கு அனுப்பு. எந்த முறை என்று அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அக்கா