பழைய கோச் திரும்பி வந்திருக்கிறார்: பொறுப்பைக் கொடுக்கலாமா?

கேள்வி: மண்டபம் பக்கத்தில் எங்கள் ஊர் அணிக்கு முன்பு கோச்சாக இருந்தவர், வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார். அவர் இருந்தபோது இரண்டு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) கோப்பை வாங்கினோம். அவரையே திரும்பப் போடணும் என்று பாதிப் பேர், அவர் காலம் முடிந்துவிட்டது என்று மீதிப் பேர். கமிட்டியில் இருக்கும் நான் எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: அந்த இரண்டு கோப்பைகளையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அன்றைக்கு அவரிடம் யார் யார் ஆடினார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் இப்போது ஊரில் இருக்கிறார்கள், எத்தனை பேர் துபாய், சவுதி என்று போய்விட்டார்கள்? “அவர் வந்தால் பழைய ஆட்டம் வரும்” என்று சொல்கிறவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பையன்களின் ஆட்டம்தான்.

ஐ.எஸ்.எல். கால்பந்து லீகில் ஆடும் நம் ‘சென்னையின் எஃப்.சி.’ அணியையே பாருங்கள். 2019 டிசம்பரில் ஓவன் காயில் கோச்சாகப் பொறுப்பேற்றபோது அணி புள்ளிப்பட்டியலில் கீழே கிடந்தது. அதே சீசனில் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். முன்கள வீரர் வால்ஸ்கிஸ் மட்டும் 15 கோல் அடித்தார். பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போன காயில், 2021-22 லீக் ஷீல்டை (புள்ளிப்பட்டியலில் முதலிடத்துக்கான கோப்பை) அங்கே வாங்கிக் கொடுத்தார். 2023இல் சென்னைக்கே திரும்பினார். முதல் சீசனில் ஆறாம் இடம், பிளே-ஆஃப். அடுத்த சீசனில் 13 அணிகளில் 11ஆம் இடம். கோச் அதே ஆள்தான், அவருக்குத் தெரிந்த வித்தை எங்கேயும் போய்விடவில்லை. கையில் இருந்த அணிதான் வேறு.

திரும்பி வந்து ஜெயித்தவர்களும் உண்டு. ஜிடான் 2019 மார்ச்சில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணிக்குக் கோச்சாகத் திரும்பியபோது ரொனால்டோ அங்கே இல்லை. பழையபடி கோல் குவிய வாய்ப்பில்லை என்றானதும் தடுப்பை இறுக்கினார். 2019-20 லீகில் 38 ஆட்டங்களில் வாங்கிய கோல் 25தான். பட்டம் அவர்களுக்கே. உங்கள் கோச்சிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கேதான் இருக்கிறது: “இப்போது இருக்கும் பையன்களை வைத்து எப்படி ஆடுவீர்கள்?” கேட்பதற்கு முன் இரண்டு மேட்ச் பார்க்கச் சொல்லுங்கள். பதிலில் இன்றைய பையன்களின் பெயர்கள் வந்தால் நல்லது. பழைய பெயர்களே வந்துகொண்டிருந்தால் யோசியுங்கள்.

அப்புறம், அவர் முதலில் ஏன் போனார்? வேலைக்காகப் போனார் என்றால் சரி. யாரை இறக்குவது என்பதில் கமிட்டியோடு மனக்கசப்பாகிப் போனார் என்றால், அந்த விஷயத்தைப் பேசித் தீர்க்காமல் கூப்பிடாதீர்கள். கோச் மொரின்யோ 2007இல் இங்கிலாந்தின் செல்சி அணி நிர்வாகத்தோடு ஒத்துவராமல் வெளியேறினார். 2013இல் திரும்பினார், 2015இல் லீக் பட்டமும் வென்றார். அதே வருடம் டிசம்பரில், 16 ஆட்டங்களில் 9 தோல்வி, அணி 16ஆம் இடத்தில், மறுபடி வெளியே. முதல் வெற்றியின் சூட்டில் பழைய விரிசல் கண்ணுக்குத் தெரியாது. தோற்க ஆரம்பித்ததும் அதுதான் முதலில் வாய் பிளக்கும்.

நம் கரைக்கென்று ஒரு கணக்கும் உண்டு. விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்கள்தான் கடலுக்குப் போகின்றன. இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் காலையில் கரையேறிய பையனை அன்று சாயங்காலமே ஓடவிட்டால் தசை பிடித்துக்கொள்ளும். ப்ராக்டிஸ் நாளை இதைப் பார்த்து வைப்பாரா என்று கேளுங்கள். அவர் இருந்த காலத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று படகில் போகலாம், அது அவருக்குத் தெரிந்திருக்காது.

என் கருத்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவருக்குப் பொறுப்பைக் கொடுங்கள். படகுக்குப் போகும் பையன்களும் கரையில் இருப்பார்கள். ஒரே ஒரு டோர்னமென்ட் வரைக்கும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்த இரண்டு கோச்சையும் ஒரே அணிக்குப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பாவம், யார் பேச்சைக் கேட்பது என்று பையன்கள்தான் திண்டாடுவார்கள். இப்போதைய கோச் சின்னப் பையன்கள் அணியைப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று நேரில் போய் மரியாதையாகக் கேளுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் கைகொடுத்தவர் அவர். முடிவு வேறு யார் வாயிலாகவும் அவர் காதுக்குப் போகக் கூடாது.