சுகர் மாத்திரை போட்டுக்கிட்டே பேலியோ இருக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு, சுகருக்கு மாத்திரை போடுறாங்க, அரிசி கோதுமை எல்லாத்தையும் விட்டுட்டு பேலியோ (தானியம், சர்க்கரை இல்லாத உணவுமுறை) இருக்கப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, சாமை தினை மட்டும் சேத்துக்கலாமா?

பதில்: சாமை, தினையும் தானியந்தாங்க, சமைக்காத 100 கிராம்ல 60 கிராமுக்கு மேல மாவுச்சத்து, அதனால பேலியோல வராது. அதைவிட எனக்கு கவலை மாத்திரைதான். கிளிமிபிரைடு போடுறவங்க சோத்த திடீர்னு நிறுத்தினா சுகர் 70க்கு கீழ இறங்கி வேர்த்துக்கொட்டி மயக்கமே வரலாம், டாபாகிளிஃப்ளோசின்னா சுகர் ரொம்ப ஏறாமலே ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறி ஆபத்தாகலாம், தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட டோஸ் பேசாம ஆரம்பிக்க விடாதீங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்த டெஸ்டும் பாத்துருங்க. டாக்டர் சரின்னா முட்டை, மீன், கீரை, சுரைக்காய், தேங்காய்னு வயிறு நிறைய சாப்பிடட்டும், பட்டினி மட்டும் வேணாம்.