சிஸ்டரைக் கேளுங்கள்: முகக்கவசமும் ஊரடங்கும்

ஆபரேஷன் தியேட்டரில் 31 ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள் நான். கொரோனா காலத்து முகக்கவசம் பயன்பட்டது என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி சண்டைக்கு நிற்கின்றன. நல்லதுதான், வாருங்கள்.

வைரஸ் அத்தனை சிறியது; துணியின் துளைகளோ பெரியவை. கொசுவலை கட்டி மணலைத் தடுக்க முடியுமா, சிஸ்டர்?
*பொறியாளர் ஒருவர்*

உலர்ந்த மணலை முடியாது. ஈரத்தில் உருண்டு திரண்ட மணலை ஓரளவு முடியும். வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கும் திவலைகளில் ஏறித்தான் வருகிறது. சாதாரணப் பேச்சிலேயே கிருமிகள் தெறிக்கின்றன என்று கார்ல் ஃப்ளூகே என்ற ஜெர்மானியக் கிருமியியல் அறிஞர் 1890-களில் காட்டினார். அதைக் கேட்டுத்தான் மிகுலிச் என்ற அறுவை மருத்துவர் 1897-இல் புண்ணுக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியை வாயில் கட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார். கவனியுங்கள், அது அவருக்காக அல்ல, மேசையில் படுத்திருந்தவருக்காக. நானும் அத்தனை ஆண்டுகள் கட்டியது அதற்குத்தான்.

மிக நுண்ணிய திவலைகள் துணியில் நுழைந்துவிடும் என்பது உண்மை. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 கவசம் வேறு வகை. அது சல்லடை அல்ல. அதன் இழைகளில் மின்னூட்டம் இருக்கிறது, துகள்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலேயே 95 சதவீதத்தைப் பிடிக்கிறது. அதைவிடச் சிறியவை தடுமாறி அலைந்து இழையில் மோதிக்கொள்வதால் இன்னும் எளிதாகச் சிக்குகின்றன. பொறியாளரே, துளைகளை எண்ணுவதை விடுங்கள். கன்னத்து ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணவர் எப்போது போட்டாலும் மூக்கை வெளியே விட்டுத்தான் போடுகிறார். சொன்னால் கோபம் வருகிறது.
*ஒரு வாசகி*

எங்கள் தியேட்டரிலும் ஒரு சீனியர் சர்ஜன் இப்படித்தான். நான் புதியவள், ஓராண்டு வாய் திறக்கவில்லை. ஒருநாள் கத்தியைக் கையில் வாங்கும் நேரத்தில் தும்மிவிட்டார். கருவித் தட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. "ஏன் சிஸ்டர் முன்பே சொல்லவில்லை?" என்று என்னையே கேட்டார்! மறுநாளிலிருந்து அவர் உள்ளே நுழைந்ததும், "மூக்கு, டாக்டர்" என்பேன். அவ்வளவுதான். உபதேசம் கிடையாது, முறைப்பும் கிடையாது. சிரித்துக்கொண்டே ஏற்றிவிடுவார்.

இது என் சாமர்த்தியம் மட்டுமல்ல. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. சில கிராமங்களில் முகக்கவசத்தை இலவசமாகக் கொடுத்து, போடாமல் வருகிறவரிடம் பணிவாக நினைவூட்டினார்கள். அப்படிச் செய்யாத ஊர்களில் சரியாக அணிந்தவர்கள் 13 சதவீதம். செய்த ஊர்களில் 42. உங்கள் வீட்டுக்காரரிடமும் 'மூக்கு' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திப் பாருங்கள்.

முதலில் வேண்டாம் என்றார்கள், பிறகு கட்டாயம் என்றார்கள். யாரைத்தான் நம்புவது?
*கல்லூரி மாணவர்*

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5-ஆம் தேதிதான் பொதுமக்களும் துணிக்கவசம் அணியலாம் என்று நிலையை மாற்றிக்கொண்டது. அறிகுறி இல்லாதவரும் பரப்புகிறார் என்பது அதற்குள் தெளிவாகிக்கொண்டிருந்தது. மாற்றியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தட்டுப்பாடு இருந்த நாட்களில், "இது உங்களுக்குப் பயன்படாது, மருத்துவர்களுக்கு வேண்டும்" என்ற தொனியில் பலர் பேசினார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பயன்படாத பொருள் மருத்துவருக்கு எதற்கு என்று குழந்தையும் கேட்கும்.

தன் கருத்தை மாற்றிக்கொள்ளாத நிபுணரின் கதையும் உண்டு. 1910-11 குளிர்காலத்தில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக். பினாங்கில் பிறந்த வூ லியன்-டே என்ற 31 வயது மருத்துவர், இது மூச்சு வழியாகப் பரவுகிறது, காஸும் பஞ்சும் வைத்து வாயையும் மூக்கையும் கட்டுங்கள் என்றார். மெனி என்ற அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் அதை இளக்காரமாகப் பார்த்தார். வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார்.

ஊரடங்கில் என் அம்மா இறந்தார். விதிப்படி நான் போகவில்லை, திரையில்தான் பார்த்தேன். விதியை மீறியவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான் ஏமாளியா?
*பெயர் வேண்டாம் என்றவர்*

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏமாளி என்ற சொல்லை உங்களுக்கு யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். 1918-இல் ஃப்ளூ கொள்ளைநோய் பரவியபோது சான் பிரான்சிஸ்கோவில் முகக்கவசச் சட்டம் போட்ட மேயர், குத்துச்சண்டைப் போட்டியில் கவசமில்லாமல் அமர்ந்து படத்தில் சிக்கினார். 50 டாலர் அபராதம் கட்டினார். 2020 ஜூனில், ஊரடங்கு விதிகளை அறிவித்த பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் தன் அலுவலகத்தில் பிறந்தநாளுக்காகக் கூடியதற்கு 2022-இல் அபராதம் கட்டினார். இவர்கள்தான் உங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கிறார்கள். அவர்கள் செய்த தவறைவிட அது பெரியது.

மீறியவர்கள் எல்லாரையும் அவர்களோடு சேர்க்காதீர்கள். அன்றாடம் உழைத்தால்தான் அன்றைய பாடு என்றிருந்தவர் வெளியே வந்ததை நான் மீறல் என்று சொல்லமாட்டேன். 1665-66-இல் பிளேக் வந்தபோது இங்கிலாந்தின் ஈயம் என்ற கிராமம் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. எப்படித் தாக்குப்பிடித்தது? அக்கம்பக்கத்தார் ஊர் எல்லையில் உணவை வைத்துவிட்டுப் போனார்கள். கிராமத்தார் அதற்கான பணத்தை, நோய் ஒட்டாமலிருக்க, வினிகரில் போட்டு வைத்தார்கள். உணவு வந்தது, ஊர் அடங்கியிருந்தது.

நீங்கள் போகாமல் இருந்ததால் யார் பிழைத்தார் என்று உங்களுக்கு யாரும் சொல்ல முடியாது. தியேட்டரில் எங்களுக்கும் அப்படித்தான். தொற்று வராத புண்ணைப் பற்றி யாரும் நன்றிக் கடிதம் எழுதியதில்லை. உங்கள் துக்கம் வேறு. அதை ஒத்திவைத்தீர்கள், இன்னும் முடிக்கவில்லை. அம்மாவை அறிந்தவர்களை இந்த ஆண்டு ஒருநாள் ஒரே இடத்தில் கூட்டுங்கள். தாமதம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

மிச்சமிருக்கும் என்95-ஐத் துவைத்து வைக்கலாமா?
*இல்லத்தரசி*

வேண்டாம். சோப்பு பட்டால் இழைகளின் மின்னூட்டம் போய்விடும். பிரிக்காததை உலர்ந்த இடத்தில் வையுங்கள். வாரை இழுத்துப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் குப்பைக்குத்தான்.